நாலாவது வரியில் சறுக்கும் மணி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பைபிள் மேல் வலக்கையை வைத்துச் சத்தியம் செய்யலாம். பைபிள் மாடி அலமாரியில் இருப்பதாலும் முழங்கால் ஒத்துழைக்காததாலும் சத்தியம் சமையல் மேசை மேல் செய்யப்படுகிறது. மேசையும் நல்ல ஓக் மரம்தான். ஒரு துளி கூட்டவில்லை, ஒரு துளி குறைக்கவில்லை. நம்பாதவர்கள் அலபாமாவில் பிக்கெட்ஸ் பென்ட் என்ற ஊருக்கு நேரே போய், பிடித்த வீடு ஒன்றின் முன்னால் நின்று, அழைப்பு மணியை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மணியில்தான் லெஸ்டர் ஹாம்ப்ரிக்கின் உயிர் மாட்டிக்கொண்டது.

ஹாம்ப்ரிக் காஸ் சிலிண்டர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மலையடிவாரத்தில் தெருவின் கடைசி வீட்டில் அவரும் ஒரு கோவேறு கழுதையும் குடியிருந்தார்கள். கழுதையின் பெயர் செனட்டர். செனட்டர் சாதாரணக் கழுதை அல்ல. பிக்கெட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் அடையாள விலங்கு. அணியின் பெயரே 'கோவேறு கழுதைகள்'. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டு ஒரு தடவை சிரிப்பார்கள். இரண்டாவது தடவை சிரித்தவர் யாரும் இதுவரை இல்லை.

அங்கே ஒரு வழக்கம். நம் ஆள் பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஏழு புள்ளி வரை கிடைக்கும். டச்டவுன் விழுந்ததும் வாத்தியக் குழு கல்லூரிப் பாட்டை முழங்கும். பாட்டின் முதல் வரி கேட்டதும் செனட்டர் மைதானத்தைச் சுற்றி ஒரு சுற்று ஓடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹாம்ப்ரிக் கூடவே ஓடுவார். அணி ஒரு பருவம் முழுக்க இரண்டு டச்டவுன் போட்டாலே தேவாலய மணி அடித்துக் கொண்டாடிய காலத்தில் ஏற்படுத்திய வழக்கம் இது. கழுதைக்குக் கொழுப்பு ஏறாமல் இருக்கட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தோடு செய்தார்கள்.

அந்த வருடம் நிலைமை வேறு. பிக்கெட் கல்லூரி பன்னிரண்டு ஆட்டம் ஆடியது, பன்னிரண்டிலும் வென்றது. எதிரணிகள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லாமல் விடுவது பாவம். ஒன்று, பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. அவர்கள் நம் ஆட்களைத் தள்ளுவதற்கு முன் மன்னிப்புக் கேட்டார்கள், தள்ளிய பிறகு ஜெபித்தார்கள். இன்னொன்று, சவ அடக்கம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி. அவர்கள் ஓடவேயில்லை, நின்ற இடத்திலிருந்து நம் ஆட்களின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்கள். பியானோவுக்குச் சுதி சேர்ப்பவர்களின் கல்லூரி ஒன்று வந்தது. விரல் போய்விடும் என்று ஒருவனும் பந்தைப் பிடிக்கவில்லை. கடைசியாக வந்த கல்லூரிக்கு ஆள் போதாமல் நம் வாத்தியக் குழுவிலிருந்து இரண்டு எக்காளக்காரர்களைக் கடன் வாங்கி ஆடினார்கள். அந்த இரண்டு பேரும்தான் அவர்கள் பக்கம் நன்றாக ஆடியவர்கள். எண்பத்து நாலுக்கு மூன்று. அந்த மூன்று புள்ளியும் காற்று பந்தை அடித்துக் கொடுத்தது.

எண்பத்து நாலு என்றால் செனட்டருக்கு எத்தனை சுற்று என்று ஊரில் யாரும் யோசிக்கவில்லை. ஹாம்ப்ரிக் யோசித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செனட்டர் கொட்டிலில் படுத்துவிட்டது. கோவேறு கழுதை பகலில் படுப்பது நல்லதல்ல. அதன் முன்னங்கால் முட்டி இரண்டும் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தன. ஹாம்ப்ரிக் வாளியில் வெந்நீரும் எப்சம் உப்பும் கலந்து ஒத்தடம் கொடுத்தார். செனட்டர் அவரைப் பார்த்தது. வாழ்நாள் முழுக்கக் கூட இருந்தவள் கடைசிப் படுக்கையில் பார்த்தாளே, ஏறத்தாழ அந்தப் பார்வை.

செனட்டர் கல்லூரியின் சொத்து. ஹாம்ப்ரிக் வெறும் கயிறு பிடிக்கிறவர். கழுதைக்கு முட்டி வலி என்று சொன்னால், டென்னஸியில் ஒரு இளங்கழுதை இருக்கிறது என்பார்கள். செனட்டர் ஏலச் சந்தைக்குப் போகும். ஏலச் சந்தையில் கிழட்டுக் கழுதையை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று ஹாம்ப்ரிக்குக்குத் தெரியும். அவர் நினைத்தது ஒன்றே ஒன்று: அடுத்த வருடமாவது கல்லூரி கொஞ்சம் பலமான அணிகளோடு ஆட வேண்டும். டச்டவுன் குறைய வேண்டும். கழுதை பிழைக்க வேண்டும்.

ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நியூயார்க்கில் கோட்டு போட்ட ஆட்கள் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, "பிக்கெட் கல்லூரி ஆடியதெல்லாம் சுலபமான ஆட்டங்கள்" என்று சொன்ன நாளிலிருந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அது வெளியூர்ப் பொறாமை; மன்னிக்கலாம். உள்ளூர்க்காரன் ஒருவன் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

திங்கட்கிழமை மாலை உள்ளூர் வானொலியில் 'கழுதை நேரம்' என்று ஒரு நிகழ்ச்சி. ராய் டெல் நடத்துவார். ஊர்க்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்தத் திங்கட்கிழமை, வடக்கத்தி அணி ஒன்றோடு பருவத்தின் கடைசிப் பெரிய ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், ஹாம்ப்ரிக் சமையலறைக் கதவைச் சாத்தினார். ரிசீவர் மேல் கைக்குட்டையைச் சுற்றினார். எண்ணைச் சுழற்றினார்.

"கழுதை நேரம்! லைன்ல யாருங்க?"

"நான்... வடக்கேருந்து பேசறேன்."

"வடக்கேன்னா? டென்னஸியா?"

"அதுக்கும் வடக்கே."

"அட, அவ்ளோ தூரத்துல நம்மள கேக்கறாங்களா! சொல்லுங்கண்ணே."

"ஒண்ணுமில்ல தம்பி. உங்க டீமு ஆடினதெல்லாம் ரொம்ப லேசான ஆட்டம். மனசுல கைய வெச்சு சொல்லு. சர்ச்சுல பாட்டுப் பாடற பொம்பளைங்கள எறக்கியிருந்தா அவங்களே பன்னெண்டுல எட்டு ஜெயிச்சிருப்பாங்க. நல்ல டீமுன்னா நல்ல டீமு கூட ஆடணும். அடுத்த வருஷமாவது..."

ராய் டெல் மௌனமானார். சூறாவளியில் ஒலிபரப்புக் கோபுரம் சாய்ந்த அன்றைக்குப் பிறகு அந்த வானொலியில் அவ்வளவு நீளமான மௌனம் கேட்டதில்லை. அந்த மௌனத்தின் நட்ட நடுவில், ஹாம்ப்ரிக்கின் வாசலில் யாரோ அழைப்பு மணியை அழுத்தினார்கள்.

பிக்கெட்ஸ் பென்டில் எல்லா வீட்டு மணியும் கல்லூரிப் பாட்டைத்தான் பாடும். எல்லாம் டாய்ல் டர்னிப்சீட்டின் இரும்புச் சாமான் கடையில் ஒரே பெட்டியில் வந்த மணிகள். விரலை அழுத்திக்கொண்டிருக்கும் வரை பாடும், எடுத்தால் நின்றுவிடும். ஆனால் பாதியில் விரலை எடுப்பது அந்த ஊரில் நடக்காத காரியம். வந்தவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, நாலு வரியும் முடியும் வரை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். வர்ஜில் ஓட்ஸ் என்று ஒருவர் அவசரத்தில் இரண்டாவது வரியில் விரலை எடுத்தார். அவர் இப்போது ஜார்ஜியாவில் இருக்கிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஹாம்ப்ரிக் வீட்டு மணிக்கு மட்டும் ஒரு குறை. போன மாதம் இடி இறங்கியதிலிருந்து மூன்று வரி ஒழுங்காகப் பாடும். நாலாவது வரியில் வழுக்கி, கிணற்றில் விழுந்த வாத்து மாதிரி அடி ஆழத்துக்குப் போய், ஒரு விக்கல் விக்கி அடங்கும். இது ஊரில் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் செனட்டரைப் பார்க்க வருகிறவர்கள். கொட்டில் பக்கமாக வந்து கொட்டில் பக்கமாகவே போவார்கள்.

மணி பாடியது. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. பிறகு வாத்து விழுந்தது. விக்கியது. அவ்வளவும் கைக்குட்டையைத் தாண்டி, தொலைபேசிக்குள் போய், மாவட்டம் முழுக்க ஒலிபரப்பானது.

"ஏன்யா," என்றார் ராய் டெல் மெதுவாக. "டென்னஸிக்கும் வடக்கே எந்த ஊர்லய்யா நம்ம பாட்டு மணியில அடிக்குது?"

ஹாம்ப்ரிக் ரிசீவரைப் போட்டார். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தால் ஆள் இல்லை. தெருக்கோடியில் ஒரு காரின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது. படியில் துணி போட்டு மூடிய ஒரு கண்ணாடிப் பாத்திரம். உள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம், இன்னும் ஆவி பறந்தது.

பெண்டாட்டி இல்லாதவன் வீட்டுக்கு யாராவது எதையாவது கொண்டுவந்து வைப்பது வழக்கம்தான். பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடா ஒட்டி அதில் பெயர் எழுதியிருப்பார்கள், பாத்திரம் திரும்பி வர வேண்டுமே. ஹாம்ப்ரிக் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார். ஒட்டுநாடா இருந்த இடத்தில் பிசின் மட்டும் இருந்தது. யாரோ அவசரமாகக் கிழித்து எடுத்திருந்தார்கள்.

ஆக, ஒருவருக்குத் தெரியும்.

அந்தப் பலகாரத்தை அவர் தின்னவில்லை. பயத்தில் வாயில் எச்சிலே ஊறவில்லை.

மறுநாள் உணவுக்கடைக்குப் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனார். போனதும் ஏன் போனோம் என்றாகிவிட்டது. பிஸ்கட் ரொட்டியையும் அதன் மேல் ஊற்றும் வெள்ளைக் குழம்பையும் யாரும் தொடவில்லை. அத்தனை பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நடு மேசையில் டாய்ல் டர்னிப்சீட். இரும்புச் சாமான் கடைக்காரர், தேவாலயத்தில் பாதிரியாருக்கு உதவும் டீக்கன், வயிறு அவருக்கு அரை அடி முன்னாலேயே வந்து சேரும்.

"லேசாமே லேசு!" என்றார் டீக்கன் டாய்ல், மேசையைக் குத்தி. "அந்த சவ அடக்கம் படிக்கிற பசங்க மூஞ்சிய பாத்தீங்களாய்யா? அந்த மாதிரி மூஞ்சிங்க முன்னாடி பந்த வெச்சுக்கிட்டு ஓடறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்!"

"அந்தப் பாதிரிப் பசங்க?" என்றார் ராய் டெல். "அவங்க பக்கம் கடவுளே இருந்தாரு. கடவுள எழுபத்தேழுக்கு சைபர்னு ஜெயிச்சிருக்கோம். இத விட கஷ்டமான ஆட்டம் எங்கய்யா இருக்கு?"

பாதிக் கடை 'ஆமென்' என்றது.

சர்ச் பாடகர் குழுப் பெண்கள் இரண்டாகப் பிரிந்து போயிருந்தார்கள். பாதிப் பேர் அவமானம் என்றார்கள். மீதிப் பேர், எட்டு ஆட்டம் என்பது குறைவு, ஒன்பது ஜெயித்திருப்போம் என்றார்கள்.

மூலை மேசையில் வாண்டா ஃபே டிட்மோர் காபி குடித்துக்கொண்டிருந்தார். ரசிகர் மன்றத் தலைவி. நாற்பது வருடம் ஊருக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். டீக்கன் உட்பட அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. கஷ்டமா, லேசா?" என்றார் டீக்கன்.

"கஷ்டம்தான் டாய்ல்," என்றார் அவர். "உன்ன மாதிரி ஆளுக்கு எண்பத்து நாலு வரைக்கும் எண்றது கஷ்டம்தான்."

கடை சிரித்தது. டீக்கன் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சட்டென்று ஹாம்ப்ரிக் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா லெஸ்டரு, நீ மைதானத்துல கிட்டக்க நின்னு பாத்தவன். நீ சொல்லு."

வானொலியில் பேசிய குரல் வரக்கூடாது. ஹாம்ப்ரிக் குரலை மேலே ஏற்றினார். அது எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"ரொம்பக் கஷ்டம். அந்தப் பியானோக்காரப் பசங்க... பயங்கரமானவங்க."

"தொண்டைக்கு என்னய்யா ஆச்சு?"

"சளி."

"சளிக்கு மருந்து இருக்குல்ல." டீக்கன் கோட்டுப் பையிலிருந்து ஒரு தட்டைப் புட்டியை எடுத்து ஹாம்ப்ரிக்கின் காபியில் தாராளமாகச் சரித்தார். தேவாலயத்தில் அவர் மதுவுக்கு எதிராகப் பேசுகிறவர். மருந்துக்கு எதிராகப் பேசியதில்லை. "குடி. வியாழக்கிழமைக்குள்ள குரல் சரியாயிடணும். வியாழக்கிழமை எல்லாரும் சேந்து பாடப் போறோம்."

"என்ன... வியாழக்கிழமை?"

"வீடு வீடா போறோம். ஒவ்வொரு மணியா அழுத்தறோம். எந்த மணி நாலாவது வரியில சறுக்குதோ, அவன்தான்." டீக்கன் குரலைத் தாழ்த்தினார். "அவன அடிக்கப் போறதில்ல. நாம கிறிஸ்தவங்க. அவன் வீட்ல கல்லூரியோட சாமான் ஒரு துரும்பு இருந்தாலும் புடுங்கிட்டு வந்துடுவோம். அவ்ளோதான்."

கல்லூரியின் சாமான். கொட்டிலில் வீங்கிய முட்டியோடு படுத்திருக்கும் ஆயிரம் பவுண்டு எடையுள்ள சாமான். ஹாம்ப்ரிக் மருந்தை ஒரே மடக்கில் குடித்தார்.

புதன்கிழமை டீக்கனின் கடைக்குப் போய், யாரும் பார்க்காதபோது ஒரு புது மணி வாங்கிவிடலாம் என்று நினைத்தார். மணிகள் இருந்த அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு டீக்கனே உட்கார்ந்திருந்தார், மடியில் துப்பாக்கியோடு.

"என்ன லெஸ்டரு, மணி பாக்கறியா?"

"ச்சே ச்சே. பறவைக்குத் தீனி."

"உன் வீட்ல ஏது பறவை?"

"வரும்," என்றார் ஹாம்ப்ரிக். மிகப்பெரிய மூட்டையாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தத் தீனிக்கு அன்று மாலையே மூன்று மாவட்டத்துக் குருவிகள் வந்து, அவர் கூரை ஒரு சாண் கீழே இறங்கியது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

மணியைக் கழற்றிவிடலாமா? திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். தப்பாகப் பாடும் வீடாவது வீடு. பாடாத வீட்டை அந்த ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனார்.

"செனட்டர், நீயாவது ஒரு வழி சொல்லேன்."

செனட்டர் காதைக்கூட ஆட்டவில்லை. திங்கட்கிழமை அவ்வளவு கிட்டத்தில் பாட்டு மணி அடித்தும் அது எழுந்திருக்கவில்லை. முதல் வரி கேட்டதும் நாலு கால் பாய்ச்சலில் கிளம்பும் பிராணி. அதுவே ஹாம்ப்ரிக்குக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய பயம். அவர் உட்கார்ந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்த மாதிரி இருந்தது. ஏலச் சந்தைக்காரனுக்காகத்தானே வடிகிறது என்று நினைத்துக்கொண்டே வெந்நீரை மாற்றினார்.

வியாழக்கிழமை பிற்பகல் கீழ்த்தெருவில் முதல் மணி பாடியது.

ஹாம்ப்ரிக் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காற்று மலைப் பக்கமாக வீசியதால் ஒவ்வொரு வீடும் தெளிவாகக் கேட்டது. பாட்டு, நாலு வரி, சுத்தமாக. பிறகு பாடகர் குழுவின் சுதி ஊதுகுழலை டீக்கன் ஒரு தடவை ஊதிச் சரிபார்ப்பது கேட்கும். பிறகு காலடிகள். பிறகு அடுத்த வீடு. அதே பாட்டு, கொஞ்சம் சத்தமாக. வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கண் கலங்கிய பாட்டு, இப்போது தெரு வழியாக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது.

பல் அடித்துக்கொண்ட சத்தத்தில் ஏதோ மரங்கொத்தி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூண்டுக்குள் போய்விட்டன. காபிக் கோப்பை மேசையிலிருந்து தானாக நடந்து ஓரத்துக்கு வந்தது. மீசையின் இடது பாதி அந்தப் பிற்பகலில்தான் நரைத்தது. வலது பாதி ஏற்கெனவே நரைத்திருந்ததால் பொருத்தமாகவே அமைந்தது.

எதிர் வீட்டில் மணி பாடியது. சுத்தமான நாலாவது வரி. ஊதுகுழல். "சரியா இருக்கு! கடைசி வீடு!" என்றார் டீக்கன். வாசல் கேட்டின் கீல் கிறீச்சிட்டது.

ஹாம்ப்ரிக் கதவைத் திறந்தார். திறக்காமல் இருக்கக் கை கேட்கவில்லை. முற்றம் முழுக்க ஊர். எல்லோர் தொப்பியும் மார்பில். டீக்கன் ஊதுகுழலோடு படியேறி வந்தார், வயிறு முதலில்.

"கடைசியா நம்ம லெஸ்டரு! சும்மா ஒரு ஒழுங்குக்குத்தான்ப்பா. கழுதைக்காரன் மேல யாருக்குச் சந்தேகம்?" என்று விரலை நீட்டினார். பிறகு ஹாம்ப்ரிக்கின் முகத்தைப் பார்த்தார். விரல் நின்றது. "ஏன்யா வேர்க்குது உனக்கு? நவம்பர் மாசம்?"

"தள்ளு டாய்ல்," என்றது ஒரு குரல். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாண்டா ஃபே வந்தார். "உன் விரலு வெண்ணெய். எல்லா மணியிலயும் பிசுக்கு. இத நான் அழுத்தறேன்."

அவர் ஹாம்ப்ரிக்கைப் பார்க்கவேயில்லை. கட்டைவிரலை மணி மேல் வைத்து அழுத்தினார்.

முதல் வரி பாடியது. ஹாம்ப்ரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது வரி பாதியில் கொட்டில் பக்கம் மரம் முறிகிற சத்தம். கொட்டில் கதவு கீலோடு பறந்துவந்து வேலியில் மாட்டிக்கொண்டது. இத்தனை நாள் ஓய்வும் எப்சம் உப்பும் ஏறிய செனட்டர், எங்கேயோ டச்டவுன் விழுந்துவிட்டது என்று நம்பி, கழுத்தை நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓட ஆரம்பித்திருந்தது. வழியில் இருந்தவர்கள் ரோஜாப் புதரில் விழுந்தார்கள். தேவாலயப் பெண்கள் இருவர் வேலி தாண்டினார்கள், ஆறடி வேலி, கைப்பையோடு. அந்த எட்டு ஆட்டக் கணக்கு அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

மூன்றாவது வரி. செனட்டர் முன்பக்கம் வந்து திரும்பியபோது முட்டி மடங்கித் தடுமாறியது. விழவில்லை. மறுபடி ஓடியது. ஹாம்ப்ரிக்கின் வாயிலிருந்து அவரை அறியாமல் ஒரு சத்தம் வந்தது.

மூன்றாவது வரியின் கடைசிச் சுரத்தில் வாண்டா ஃபே விரலை எடுத்தார்.

மணி நின்றது. கழுதை நின்றது. ஊர் மூச்சை நிறுத்திக்கொண்டது. பாதிப் பாட்டில் விரலை எடுப்பதை அவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருந்தார்களே தவிரப் பார்த்ததில்லை.

"டீச்சர்!" டீக்கனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பாட்டு முடியல!"

"பாட்டு முடிஞ்சா கழுத முடிஞ்சிடும்," என்றார் வாண்டா ஃபே. "அதோட முட்டிய பாரு. நாளன்னிக்குப் பெரிய ஆட்டம். மைதானத்த சுத்தி யாரு ஓடறது? நீ ஓடறியா?"

எல்லோரும் கழுதையைப் பார்த்தார்கள். பிறகு டீக்கனின் வயிற்றைப் பார்த்தார்கள். டீக்கனும் பார்த்துக்கொண்டார்.

"ஆனா அந்த நாலாவது வரி..."

"மூணு வரி கேட்டல்ல? சுதி சரியா?"

"சரிதான் டீச்சர்."

"மூணு சரின்னா நாலாவது எப்படி இருக்கும்? கணக்குல உனக்கு நான் பாஸ் போட்டதே தப்பு. ஆட்டம் முடியற வரைக்கும் இந்த வாசல்ல யாரும் மணியில கை வெக்கக் கூடாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

போனார்கள். நாற்பது வருடப் பிரம்புக்கு அவ்வளவு நீளம் இருந்தது. கடைசி ஆள் கேட்டைத் தாண்டியதும் வாண்டா ஃபே படியிறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"ஹாம்ப்ரிக், ஞாயித்துக்கெழம என் பாத்திரத்தக் கழுவிக் கொண்டாந்து குடு."

ஹாம்ப்ரிக் படியில் உட்கார்ந்தார். "மிஸ் வாண்டா... எப்படித் தெரியும்?"

"மணியில இருந்த விரலு என்னோடது. கார்ல பாடின ரேடியோவும் என்னோடது. வாசல்ல ஒரு வாத்து, ரேடியோவுல ஒரு வாத்து." கையுறையை மாட்டிக்கொண்டார். "பேர கிழிச்சுட்டு ஓடிட்டேன். நானும் பயந்தவதான்யா. அந்தப் பன்னெண்டு ஆட்டத்தக் கூட்டிக் கழிச்சு என்ன வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை பெரிய ஆட்டம். எதிரணி வடக்கிலிருந்து வந்தது. அதன் பெயரைச் சொல்ல ஊரில் இன்றும் தடை. அவர்களுடைய ஆட்கள் பேருந்திலிருந்து இறங்கியபோது பேருந்து ஒரு முழம் மேலே எழும்பியது. அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ஆட்கள்தான் கேட்டார்கள். அறுபத்தாறுக்குச் சைபர். செனட்டர் ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க நின்ற இடத்தில் நின்று, எதிரணி வாத்தியக் குழுத் தலைவரின் தொப்பி இறகைத் தின்றுகொண்டிருந்தது. ஊரே அழுதது. ஹாம்ப்ரிக்கும் முகத்தைக் கழுதையின் கழுத்தில் புதைத்துக்கொண்டார். அது அழுகைதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை 'கழுதை நேரம்' தொடங்கியதும் முதல் அழைப்பு வந்தது.

"ராயி, அன்னிக்கு வடக்கேருந்து பேசினது நான்தான். ஆட்டமெல்லாம் லேசுன்னு அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?"

"டீக்கன், உங்க குரலு மாதிரி இருக்கே?"

"என் குரலுதான்யா! துணிஞ்சு சொன்னது நான்தான்!"

அவருக்குப் பின்னால் பாதி ஊர் வரிசையில் இருந்தது. அத்தனை பேரும் அந்தத் துணிச்சல்காரன் தானே என்றார்கள். சாட்சிக்கு மணியைக் காட்ட வேண்டியிருந்ததால், அந்த வாரம் இரும்புச் சாமான் கடையில் சுத்தியல் தீர்ந்துபோயிற்று. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மணியைத் தட்டித் தட்டி, நாலாவது வரியில் வாத்து விழும்படி செய்துகொண்டார்கள். ஹாம்ப்ரிக் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஊர் மறுபடி எப்போது மனம் மாறும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பயத்திலேயே அடுத்த இடி இறங்கியபோது அவர் மணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இடி அவரை விட்டுவிட்டு மணியை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனது. ஒழுங்காகப் பாடும் மணி இருக்கிற ஒரே வீடு என்று இப்போது எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

கல்லூரி அடுத்த வருடம் முரட்டு அணிகளாகத் தேடிப் பிடித்து ஆட்டம் வைத்தது. மாதத்துக்கு ஒரு டச்டவுன் விழுந்தால் அதிகம். செனட்டர் அந்த ஒரு சுற்றை நடந்தே முடிக்கிறது. முட்டி ஒல்லியாகிவிட்டது, வயிறு டீக்கனுக்குச் சமமாக வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாம்ப்ரிக் கழுவிய பாத்திரத்தோடு வாண்டா ஃபே வீட்டுக்குப் போகிறார். பாத்திரம் நிரம்பித் திரும்புகிறது.

நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மட்டும், பிக்கெட்ஸ் பென்டில் எந்த வீட்டிலும் அழைப்பு மணி கிடையாது, இருந்ததும் இல்லை என்கிறார்கள். வருகிறவர்கள் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.